செலக்‌ஷன் நம்பரும் ஒரு வரி கமாண்டும்

கல்யாண போட்டோ ஸ்டூடியோல கொஞ்ச நாள் இருந்தவங்களுக்கு செலக்‌ஷன் லிஸ்ட்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்ல. கல்யாணம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல எல்லா போட்டோவையும் பென்டிரைவ்ல போட்டு வீட்டுக்குக் குடுத்துருவோம், அவங்க குடும்பத்தோட உக்காந்து டிவில போட்டுப் பாத்து, ஆல்பத்துக்கு எது எது வேணும்னு நம்பர் எழுதி அனுப்புவாங்க. நோட்டுல எழுதினது வரும், பத்திரிகை பின்பக்கம் எழுதினது வரும், இப்பல்லாம் வாட்ஸ்அப்ல ஒரே நீள மெசேஜா வருது. 3,000 சொச்சம் போட்டோல இருந்து 250 நம்பர். அந்த 250-ஐயும் தேடி எடுத்து தனி ஃபோல்டர்ல போட்டாத்தான் டிசைனர் ஆல்பத்துல கையே வைக்க முடியும்.

எங்க சித்தப்பா கும்பகோணத்துல ஸ்டூடியோ வச்சிருக்காரு. அங்க இந்த வேலைய ரெண்டு பேர் சேந்து செய்வாங்க. ஒருத்தர் நோட்டப் பாத்து நம்பர் சொல்லுவாரு, இன்னொருத்தர் கன்ட்ரோல் கீய அமுக்கிக்கிட்டே அந்தந்தப் படத்து மேல கிளிக் பண்ணிக்கிட்டே போவாரு. 180 வரைக்கும் வந்திருக்கும், விரல் லேசா நழுவி ஒரு கிளிக் மட்டும் கன்ட்ரோல் இல்லாம விழுந்தா போச்சு, அதுவரைக்கும் செலக்ட் பண்ணது அத்தனையும் காணாம போயிரும். முகூர்த்த சீசன்ல ஒரே வாரத்துல நாலு லிஸ்ட் வரும், கண்ணு எரிய எரிய உக்காந்து செய்வாங்க.

ஒரு தை மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப நான் என் லேப்டாப்ல அந்த லிஸ்ட்ட ஒரு ஃபைலா டைப் பண்ணி, கருப்புத் திரைல ஒரு வரி அடிச்சு என்டர் தட்டினேன். டீ வர்றதுக்குள்ள முடிஞ்சுருச்சு. சித்தப்பா திரையவே பாத்துக்கிட்டு இருந்தாரு, அப்புறம், "என்னடா பண்ண?"ன்னு கேட்டாரு. வேகமா செஞ்சத விட இந்தக் கேள்விதான் எனக்கு இன்னைக்கும் மனசுல நிக்குது, ஏன்னா அதுக்கு என்னால பதில் சொல்ல முடிஞ்சுது. நான் பண்ணது ஒரு வரி. அத வாசிச்சுக் காட்டலாம், எழுதிக் குடுக்கலாம், ஃபோன்ல சொல்லலாம். அவர் மவுஸ்ல பண்றத அவரால சொல்லவே முடியாது, "இங்க கிளிக் பண்ணி, அப்புறம் இப்படி இழுத்து, அந்த மூலைல ஒண்ணு வரும் பாரு"ன்னு பக்கத்துல உக்காத்தி வச்சுதான் காட்ட முடியும்.

அதனாலதான் டெர்மினல்னு சொல்ற அந்தக் கருப்புத் திரை பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களுக்காக இத எழுதறேன். நான் கமாண்டு பேரெல்லாம் வாயால சொல்ற மாதிரி எழுதப்போறேன், நீங்க அடிக்கறப்ப அந்த எழுத்துகள இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சா போதும்.

நான் இதக் கத்துக்கிட்டது கவர்மென்ட் ஃப்ரீயா குடுத்த லேப்டாப்ல. தமிழ்நாட்டுல 2011-ல ஆரம்பிச்ச திட்டம் அது. எனக்கு வந்த லேப்டாப்ப ஆன் பண்ணா விண்டோஸா, பாஸ் லினக்ஸான்னு கேக்கும். லினக்ஸ்ங்கறது விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம், பாஸ்ங்கறது நம்ம மத்திய அரசு நிறுவனம் சி-டாக் பண்ண லினக்ஸ். எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு விண்டோஸுக்குத்தான் போவாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன், ஒரு லீவுல சும்மா உள்ள போய்ப் பாத்தப்ப டெர்மினல்னு ஒரு ஐகான் இருந்துச்சு, தொறந்தா கருப்புத் திரை, ஓரத்துல என் பேரு, ஒரு டாலர் குறி, பக்கத்துல மினுக்கு மினுக்குன்னு ஒரு கட்டம். அது எதுவும் கேக்கல, எதுவும் காட்டல. என்ன செய்யறதுன்னு நாமதான் முதல்ல பேசணும். அந்த அமைதிதான் புதுசா வர்றவங்கள பயமுறுத்துது.

முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, டெர்மினல்ல நாம எப்பவும் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள்ள நின்னுக்கிட்டு இருக்கோம். எங்க நிக்கறோம்னு கேக்க பிடபிள்யூடி. நம்மூர்ல அது பொதுப்பணித்துறை, இங்க அது முகவரி. இந்த ஃபோல்டர்ல என்னென்ன இருக்குன்னு கேக்க எல்எஸ். வேற ஃபோல்டருக்குப் போக சிடின்னு அடிச்சு, எடம் விட்டு, ஃபோல்டர் பேரு. வந்த வழியே ஒரு படி மேல போகணும்னா சிடி, எடம், ரெண்டு புள்ளி. இந்த மூணையும் அரை மணி நேரம் அடிச்சு அடிச்சு உங்க ஃபோல்டர்களுக்குள்ளயே நடந்து பாருங்க, வீட்டுக்குள்ள இருட்டுல நடக்கப் பழகற மாதிரி கொஞ்ச நேரத்துல கால் பழகிரும். பேர முழுசா அடிக்க வேண்டாம், முதல் ரெண்டு மூணு எழுத்து அடிச்சு டேப் கீய தட்டினா மீதிய அதுவே போட்டுக்கும். முன்னாடி அடிச்ச வரி திரும்ப வேணும்னா மேல் அம்புக்குறி. ஓடிக்கிட்டு இருக்கறத நிறுத்தணும்னா கன்ட்ரோல் சி, ஆமா, இங்க அது காப்பி இல்ல, நிறுத்து. எந்தக் கமாண்டு பத்தியும் வெளக்கம் வேணும்னா மேன் (எம், ஏ, என்) அடிச்சு அந்தக் கமாண்டு பேரு, படிச்சு முடிச்சு வெளிய வர க்யூ. அட்மின் அதிகாரத்தோட ஒரு கமாண்ட ஓட்ட முன்னாடி சூடோன்னு போடுவாங்க, அப்ப பாஸ்வேர்டு கேக்கறப்ப நீங்க அடிக்கறது பல லினக்ஸ்ல திரைல தெரியாது, புள்ளி கூட வராது, கீபோர்டு கெட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க, அடிச்சு முடிச்சு என்டர் தட்டுங்க.

ஏன் எல்லா பேரும் இப்படி ரெண்டு மூணு எழுத்துல இருக்குன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி. காப்பிய காப்பின்னே வைக்காம ஏன் சிபி, மூவ்வ ஏன் எம்வி? இதெல்லாம் அமெரிக்கால பெல் லேப்ஸ்ங்கற ஆராய்ச்சிக் கூடத்துல பொறந்த பேருங்க. 1969-ல கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிட்சி இன்னும் சில பேர் சேந்து லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ எழுத ஆரம்பிச்சப்ப அவங்க கமாண்டு அடிச்சது பெரும்பாலும் திரைல இல்ல. டெலிடைப்புனு ஒரு மெஷின், டைப்ரைட்டர் மாதிரி, நீங்க அடிக்கறதும் கம்ப்யூட்டர் சொல்ற பதிலும் பேப்பர் ரோல்ல அச்சாகும். மாடல் 33-ன்னு ஒண்ணு அந்தக் காலத்துல ரொம்பப் பரவலா இருந்துச்சு, செகண்டுக்கு 10 எழுத்துதான் அடிக்கும், கீயும் இறுக்கமா இருக்கும், அழுத்தி அமுக்கணும். அப்படிப்பட்ட மெஷின் முன்னாடி நாள் முழுக்க உக்காந்தவங்க ஒரு எழுத்தக் கூட வீணாக்க மாட்டாங்க. வேலை சரியா முடிஞ்சா இந்தக் கமாண்டெல்லாம் வாயே தொறக்காம இருக்கறதும் அந்த உலகத்துப் பழக்கம்தான். போட்டோவ காப்பி பண்ணுன்னு சொன்னா பண்ணிட்டு சும்மா திரும்ப டாலர் குறியக் காட்டும், "வெற்றிகரமாக முடிந்தது"ன்னெல்லாம் சொல்லாது. தப்பு நடந்தாத்தான் பேசும். இது தெரியாம முதல்ல நான் ஒரே கமாண்ட மூணு தடவ அடிச்சிருக்கேன், வேலை செய்யலையோன்னு. இன்னைக்கும் லினக்ஸ்ல டிடிஒய்னு அடிச்சா நீங்க எந்த டெர்மினல்ல இருக்கீங்கன்னு சொல்லும், அந்தப் பேரு டெலிடைப்போட சுருக்கம்தான்.

சரி, போட்டோவுக்கு வர்றேன். எங்க கேமரால ஒவ்வொரு படத்துக்கும் டிஎஸ்சி, ஒரு அடிக்கோடு, நாலு எண், புள்ளி, ஜேபிஜின்னு பேரு விழும். சிபின்னு அடிச்சு, எத காப்பி பண்ணணும், எடம் விட்டு, எங்க போடணும்னு சொன்னா ஒரு படம் போயிரும். ஒண்ணொண்ணா 250 தடவ அடிக்கறதுக்கு மவுஸே தேவலாம். அங்கதான் அந்த ஒரு வரி. அதத் தமிழ்ல சொல்றதுன்னா, "லிஸ்ட்டுங்கற ஃபைல்ல இருக்கற ஒவ்வொரு நம்பருக்கும், அந்த நம்பர என்-னு வச்சுக்க, டிஎஸ்சி அடிக்கோடு என் புள்ளி ஜேபிஜிங்கற படத்த ஆல்பம் ஃபோல்டருக்கு காப்பி பண்ணு, அவ்வளவுதான்." ஃபார்னு ஆரம்பிச்சு, டூ-க்கு அப்புறம் என்ன செய்யணும்னு சொல்லி, டன் (டி, ஓ, என், இ)-னு முடியும். நம்பர் மாறி மாறி வர்ற எடத்துல டாலர் குறி போட்ட என். மளிகைக் கடைல சீட்ட நீட்டி "இதுல இருக்கறதெல்லாம் ஒண்ணொண்ணு போடுங்கண்ணே"ன்னு சொல்றோமே அதேதான்.

முதல் தடவ அது ஓடினப்ப மூணு வரி மட்டும் திரைல வந்துச்சு, இந்த இந்த நம்பர்ல ஃபைல் இல்லன்னு. எல்எஸ் போட்டு எண்ணிப் பாத்தா 247. வீட்டுக்கு ஃபோன் போட்டு அந்த மூணு நம்பரையும் கேட்டோம், அவங்கதான் எழுதறப்ப மாத்தி எழுதிட்டாங்க. கையால பண்ணியிருந்தா "இந்த நம்பர் இல்லப்பா, விடு"ன்னு தாண்டிப் போயிருப்போம், ஆல்பம் வந்தப்புறம் அந்த அத்தை வந்து நின்னு என் படம் எங்கன்னு கேட்டிருப்பாங்க.

அடுத்த கல்யாணத்துல வேற ஒரு பிரச்சனை, இது யாருக்கும் வரலாம்ங்கறதால கொஞ்சம் விரிவா சொல்றேன். அவங்க நம்பர 12, 45ன்னு எழுதியிருந்தாங்க, ஃபைல் பேருல அது 0012, 0045. முன்னாடி சைபர் சேக்கணும். அதுக்கு பிரின்ட்எஃப்னு ஒரு கமாண்டு இருக்கு, நாலு எண் அகலத்துக்கு சைபர் போட்டு நெரப்புன்னு சொன்னா 12-ஐ 0012 ஆக்கிக் குடுக்கும். நல்லா ஓடுச்சு. ஆனா அந்த லிஸ்ட்ல பாதி அக்கா எழுதினது, பாதி தங்கச்சி எழுதினது, தங்கச்சி திரைல இருந்தபடியே 0012ன்னு சைபரோட எழுதியிருந்தா. அதுல 0012 கேட்டா 0010 வந்துச்சு! 0089-க்கு என்னமோ எண்ணே தப்புன்னு திட்டுச்சு. ராத்திரி ரொம்ப நேரம் உக்காந்து பாத்தப்புறம்தான் புரிஞ்சுது, முன்னாடி சைபர் இருந்தா ஷெல், அதாவது டெர்மினலுக்குள்ள நாம அடிக்கறத வாசிச்சு ஓட்டற புரோகிராம், அத எட்டடிமான (எட்டு எட்டா எண்ணற) எண்ணா எடுத்துக்கும், அந்தக் கணக்குல 12-ன்னா நம்ம 10, எட்டும் ஒம்போதும் அந்தக் கணக்குல கெடையவே கெடையாது. 0089 கத்தினதால தப்பிச்சோம். கத்தாம 12-க்கு பதிலா 10-ஐக் குடுத்துச்சே, அதுதான் ஆபத்து. அதுக்கப்புறம் லிஸ்ட்ட வாங்கினதும் முதல் வேலையா முன்னாடி இருக்கற சைபரெல்லாம் எடுத்துட்டுத்தான் மத்தது.

இன்னொண்ணு. கல்யாணத்துக்கு ரெண்டு கேமரா போகும், ட்ரெடிஷனலுக்கு ஒண்ணு, கேண்டிட்டுக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே கம்பெனி கேமரான்னா ரெண்டுலயும் 0412-ன்னு ஒரு படம் இருக்கலாம். ரெண்டையும் ஒரே ஃபோல்டருக்கு சிபி பண்ணா, பின்னாடி வந்தது முன்னாடி இருந்தத அழிச்சிட்டு உக்காந்துரும், கேக்காது. மாலை மாத்தற படம் போய் அந்த எடத்துல சமையக்காரர் சாம்பார் ஊத்தற படம் இருக்கும். சிபி-யோட எடம் விட்டு கோடு ஐ (மைனஸ் குறி, ஒட்டி ஐ)-ன்னு சேத்துக்கிட்டா மேல எழுதட்டுமான்னு கேக்கும், அந்தப் பழக்கத்த இன்னைக்கே வச்சுக்குங்க. ரெண்டு கேமராவையும் தனித்தனி ஃபோல்டர்ல வைக்கறது அத விட நல்லது.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச விஷயம் குழாய். பைப்புன்னு சொல்லுவாங்க, செங்குத்தா ஒரு கோடு. ஒரு கமாண்டு துப்பறத அடுத்த கமாண்டு வாயில ஊத்தும். பெல் லேப்ஸ்ல டக் மெக்கில்ராய்னு ஒருத்தர் 1964-லயே ஒரு குறிப்பு எழுதி வச்சாரு, தோட்டத்து ஹோஸ் பைப்ப ஒண்ணோட ஒண்ணு திருகி மாட்டற மாதிரி புரோகிராம்கள மாட்ட ஒரு வழி வேணும்னு. ஒம்போது வருஷம் சொல்லிக்கிட்டே இருந்தாரு, 1973-ல கென் தாம்ப்ஸன் ஒரே ராத்திரில அத யூனிக்ஸ்ல சேத்துட்டாரு. அது எங்க ஸ்டூடியோவுக்கு எப்படி வந்து சேருதுன்னா, பொண்ணு வீட்டுல ஒரு லிஸ்ட், மாப்பிள்ளை வீட்டுல ஒரு லிஸ்ட்னு ரெண்டு வரும். கேட் (சி, ஏ, டி) போட்டு ரெண்டையும் ஒண்ணா ஊத்தி, குழாய் வழியா சார்ட்டுக்கு (எஸ், ஓ, ஆர், டி) அனுப்பி வரிசையாக்கி, இன்னொரு குழாய் வழியா யூனிக்குக்கு (யு, என், ஐ, க்யூ) அனுப்பினா, ரெண்டு தடவ வர்ற நம்பரெல்லாம் ஒண்ணாயிரும். யூனிக் பக்கத்துல பக்கத்துல இருக்கற ஒரே மாதிரி வரியத்தான் புடிக்கும், அதான் முதல்ல சார்ட். சார்ட்டுக்கு கோடு என்-னு சொல்லணும், இல்லன்னா எண்ண எழுத்தா நெனச்சு 108-ஐ 12-க்கு முன்னாடி போடும். கடைசில டபிள்யூசி கோடு எல்-லுன்னு இன்னொரு குழாய மாட்டினா மொத்தம் எத்தன படம்னு எண்ணிச் சொல்லிரும்.

இதே வரில கடைசி டபிள்யூசிய எடுத்துட்டு யூனிக்குக்கு கோடு டி-ன்னு சேத்தா ரெண்டு லிஸ்ட்லயும் இருக்கற நம்பர் மட்டும் வரும். ரெண்டு வீட்டாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஒரே படத்தக் கேட்டிருக்காங்க! நான் சும்மா காட்டறதுக்காகத்தான் அந்த லிஸ்ட்ட எடுத்தேன், சித்தப்பா அதுல இருந்த படங்கள ஒண்ணொண்ணா தொறந்து பாத்தாரு. பொண்ணோட தாத்தாவும் மாப்பிள்ளையோட பாட்டியும் பந்தில பக்கத்துப் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டு இருக்கற படம் ஒண்ணு அதுல இருந்துச்சு. இப்பல்லாம் அவர் எந்த ஆல்பத்துலயும் அந்த லிஸ்ட்ல வர்ற படத்தத்தான் முழுப் பக்கத்துக்குப் போடறாரு.

ஒரு நாள் நான் ஒரு கல்யாணத்தையே அழிச்சுட்டேன். ஃபோல்டர்ல ஜேபிஜியும் இருந்துச்சு, ரா ஃபைலும் (கேமரா அப்படியே பதிவு பண்ற மூலப் படம்) இருந்துச்சு, ஜேபிஜிய மட்டும் எடுத்துரலாம்னு ஆர்எம், எடம், நட்சத்திரம், புள்ளி ஜேபிஜின்னு அடிக்கணும். நட்சத்திரத்துக்கு எல்லாப் பேரும்னு அர்த்தம், அதோட ஒட்டி புள்ளி ஜேபிஜி வந்தா அதுல முடியற பேரு எல்லாம்னு அர்த்தம். நான் நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவுல ஒரு எடம் விட்டுட்டேன். ஒரே ஒரு எடம். அப்ப அது "எல்லாத்தையும் அழி, அப்புறம் புள்ளி ஜேபிஜின்னு ஒண்ணு இருந்தா அதையும் அழி"ன்னு ஆயிருச்சு. எல்லாத்தையும் அழிச்சுட்டு, புள்ளி ஜேபிஜின்னு ஒரு ஃபைல் இல்லையேன்னு மட்டும் சொல்லுச்சு. ஆர்எம் போட்டது குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேரா போயிரும். உள்ளங்கால் வரைக்கும் சில்லுன்னு ஆயிருச்சு எனக்கு. மெமரி கார்ட இன்னும் ஃபார்மேட் பண்ணாம வச்சிருந்தாங்க, அதுதான் காப்பாத்துச்சு. அன்னைல இருந்து அழிக்கறதுக்கு முன்னாடி அதே வரிய எல்எஸ் போட்டு அடிச்சுப் பாப்பேன், என்னென்ன பேரு வருதுன்னு கண்ணால பாத்துட்டு, மேல் அம்புக்குறி தட்டி எல்எஸ்ஸ மட்டும் ஆர்எம்மா மாத்துவேன். எடத்துக்கும் இங்க அர்த்தம் உண்டு. ஃபோல்டர் பேருல எடம் இருந்தா மேற்கோள் குறிக்குள்ள போடணும்ங்கறதும் இதனாலதான்.

தமிழ்ல ஃபோல்டர் பேரு வைக்கலாமான்னு கேக்கறாங்க. தாராளமா வைக்கலாம், எல்லாக் கமாண்டும் வேலை செய்யும், ஆனா நெறைய டெர்மினல் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவு கட்டம் ஒதுக்கறதால கொம்பும் காலும் தள்ளித் தள்ளி விழும், பாக்க நல்லா இருக்காது. இன்னொண்ணும் செஞ்சு பாருங்க. எக்கோ (குடுத்தத அப்படியே திருப்பிச் சொல்ற கமாண்டு) போட்டு அம்மான்னு அடிச்சு, எழுத்த எண்ணற டபிள்யூசி கோடு எம்முக்கு குழாய்ல அனுப்பினா 6-ன்னு வரும். வரி முடிவுக்கு ஒண்ணு போக 5. நமக்கு அம்மா மூணு எழுத்து, கம்ப்யூட்டர்ல எழுத்துகளுக்கு நம்பர் குடுக்கற யூனிகோடுல ம-வும் மேல இருக்கற புள்ளியும் தனித்தனி, ம-வும் காலும் தனித்தனி. பைட்ட எண்ணற கோடு சி போட்டா 16, ஏன்னா யூனிகோட பைட்டா சேமிக்கற யூடிஎஃப்-8 முறைல அந்த அஞ்சும் ஒவ்வொண்ணும் மூணு மூணு பைட். அந்த யூடிஎஃப்-8ஐ 1992-ல ராப் பைக்கோட சேந்து உருவாக்கினதும் அதே கென் தாம்ப்ஸன்தான்.

விண்டோஸ் வச்சிருக்கவங்களுக்கு கமாண்ட் பிராம்ப்ட், பவர்ஷெல்லுன்னு இருக்கு, பேரு கொஞ்சம் மாறும், எல்எஸ்ஸுக்கு பதிலா டிஐஆர், சிபிக்கு பதிலா காப்பி. மேக்ல டெர்மினல்னே இருக்கும், அங்க நான் சொன்னது கிட்டத்தட்ட அப்படியே ஓடும்.

ஒரு வரிய யாருக்கு வேணா அனுப்பலாம்னு சொன்னேன். அது கெட்டவங்களுக்கும் தெரியும். கொஞ்ச நாளா சில போலிப் பக்கங்கள்ல நீங்க ரோபோ இல்லன்னு நிரூபிக்க விண்டோஸ் கீயோட ஆர் அமுக்குங்க, கன்ட்ரோல் வி அமுக்குங்க, என்டர் தட்டுங்கன்னு வருது. அந்த கன்ட்ரோல் வி-ல ஒட்டறது அவங்க உங்களுக்குத் தெரியாம காப்பி பண்ணி வச்ச ஒரு கமாண்டு, உங்க கையாலயே உங்க கம்ப்யூட்டர்ல திருட்டு புரோகிராம எறக்க வைக்கறாங்க. எந்த நல்ல சைட்டும் அப்படிக் கேக்காது. உங்களால வாசிக்க முடியாத வரிக்குப் பின்னாடி என்டர் தட்டாதீங்க, குறிப்பா முன்னாடி சூடோ இருந்தா தட்டவே தட்டாதீங்க, அனுப்பினது நானா இருந்தாலும் சரி, இதுல இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேளுங்க.

சித்தப்பா கேட்டாரு. ஒவ்வொரு வார்த்தைக்கும் கேட்டாரு. போன வைகாசில ஒரு லிஸ்ட் வந்தப்ப நான் ஊர்ல இல்ல, ஃபோன்லயே வரிய சொல்லச் சொன்னாரு, எழுத்தெழுத்தா சொன்னேன், அவர் எழுதிக்கிட்டாரு, எங்கெங்க எடம் விடணும்னு மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாரு. ஸ்டூடியோ கம்ப்யூட்டர்ல நான் முன்னாடியே லினக்ஸ் போட்டு வச்சிருந்தேன், அவரே அடிச்சு அவரே முடிச்சுட்டாரு. ஆடில ஊருக்குப் போனப்ப பாத்தேன், மானிட்டருக்குப் பக்கத்துல சுவத்துல ஒரு தேதி காலண்டர் தாள் ஒட்டியிருக்கு, பின்பக்கம் அந்த வரி, நீல மையில அவர் கையெழுத்து. எடம் விட வேண்டிய இடத்துலெல்லாம் செவப்பு மையில ஒரு சின்ன வட்டம் போட்டு வச்சிருக்காரு.